ஊருக்கெல்லாம் சொன்ன இருசப்பன்

என் தங்கை ஆதியம்மாளின் வீட்டுக்காரன் இருசப்பன், கடலுக்குப் போகாத மீனவன். கட்டுமரம் அலையைத் தாண்டுவதற்குள் வாந்தி எடுத்துவிடுவான். இரண்டு முறை கூட்டிப்போன கூட்டாளிகள் மூன்றாம் முறை கையெடுத்துக் கும்பிட்டுக் கரையிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். கடவுள் அவனுக்கு வேறொன்று கொடுத்திருந்தார், தொண்டை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே இருக்கும் எங்கள் குப்பத்தில் அவன் பெண்டாட்டியைக் கூப்பிட்டால், அடுத்த குப்பத்தில் இருக்கும் ஆதியம்மாள்களும் எழுந்து நிற்பார்கள்.

1991இல் மகள் பிறந்தாள். இருக்கிற தொண்டை போதாதென்று, ஒரு பழைய ஆம்ப்ளிஃபயரும் இரண்டு குழாய் ஸ்பீக்கரும் ஒரு மைக்கும் வாங்கினான். 'பரிமளா சவுண்ட் சர்வீஸ்' என்று மகள் பெயரையே வைத்தான். கல்யாணம், காதுகுத்து, ஆடி மாதக் கூழ், தேர்தல் என்று எதற்கும் போவான். ஆனால் அவனுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது சடங்குதான். பெண் வயதுக்கு வந்துவிட்டாள் என்றால் விடிவதற்குள் இருசப்பன் வீட்டு வாசலில் ஆள் நிற்கும். தென்னை மரத்தில் குழாய் ஏறும். "அன்பார்ந்த பெரியோர்களே, தாய்மார்களே! நமது குப்பத்தின் அருமைச் செல்வி..." என்று ஆரம்பித்து, அந்தப் பிள்ளைக்கு நடந்ததைக் கடலில் இருக்கும் படகு வரைக்கும் சொல்லிவிடுவான். மீன்களுக்கும் தெரிந்திருக்கும்.

எல்லோருக்கும் தெரியும், அந்தப் பிள்ளையைத் தவிர. வீட்டுக்குள் அவளை மூலையில் உட்காரவைத்து உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் ஊட்டுவார்கள். அதைத் தொடாதே, இதைத் தாண்டாதே என்பார்கள். என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள். கேட்டால், "பொட்டைப் பொண்ணு கேக்குற கேள்வியா இது?" என்பார்கள். மரத்தில் குழாய் கட்டி ஊருக்குச் சொல்வதில் இல்லாத வெட்கம், பெற்ற பிள்ளையிடம் சொல்லும்போது எங்கிருந்தோ வந்துவிடும். பண்பாடு என்றால் சும்மாவா?

என் தங்கை இந்தப் பண்பாட்டில் தங்கப் பதக்கம் வாங்கியவள். கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் கூடை மீன் விற்பவள், பெரிய பெரிய விஞ்ஞானி வீட்டம்மாக்களிடமே பேரத்தில் விட்டுக்கொடுக்கமாட்டாள். ஆனால் டிவியில் அந்த நாப்கின் விளம்பரம் வந்து, "அது இன்னாத்துக்குமா?" என்று பரிமளா கேட்டால் மட்டும், "போய்த் தண்ணி மொண்டாந்து வை" என்பாள். குடம் நிரம்பித்தான் இருக்கும். அதனால் என்ன, அந்த வீட்டில் தண்ணீர்ப் பஞ்சம் வந்ததே இல்லை.

நான் கூடுவாஞ்சேரியில் தையல் கடை வைத்திருப்பவன். தாய்மாமன் என்ற முறையில் என் பங்குக்கு நானும் தயாராக இருந்தேன். பச்சை ஓலையில் குடிசை கட்ட வேண்டும், தட்டுத் தட்டாகச் சீர் தூக்க வேண்டும். பரிமளா ஆறாவது படிக்கும்போதே பட்டுப் பாவாடை தாவணி தைத்து, வளர்ந்தால் பிரித்துவிட மடிப்பும் வைத்து, பெட்டியில் பூட்டியிருந்தேன். கௌரவம் என் அளவில் கச்சிதமாகத் தைக்கப்பட்டிருந்தது.

பரிமளா சின்ன வயதிலிருந்து அப்பன் பக்கத்திலேயே உட்கார்ந்து கேசட் மாற்றிப் பழகியவள். அதனால் மற்றப் பிள்ளைகள் பார்க்காத ஒன்றை அவள் பார்த்தாள். மாலையும் கழுத்துமாக மேடையில் தலை குனிந்திருக்கும் பெண்ணைப் பார்த்தாள். பந்தலுக்கு முன்னால் நின்று சிரிக்கும் தன் வகுப்புப் பையன்களையும் பார்த்தாள். அவளோடு படித்த பிரதீபாவுக்குச் சடங்கு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று, அந்தப் பையன்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "அன்பார்ந்த பெரியோர்களே!" என்று இருசப்பன் குரலிலேயே அவளை வரவேற்றார்கள். ஒரு வாரம் தாங்கினாள் பிரதீபா. அப்புறம் வரவில்லை. வீட்டில் இறால் உரிக்கப் போட்டுவிட்டார்கள்.

இது தெரிந்தபோது இருசப்பன் பெருமைப்பட்டான். "பாத்தியா மச்சான், பசங்க நம்ம வாய்ஸ அப்டியே புடிக்கிறானுங்க!"

2003 கோடை விடுமுறைக்குப் பரிமளா என் கடைக்கு வந்தாள். போகும்போது மூட்டையிலிருந்து பருத்தி வெட்டுத் துணிகளைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். "பொம்மைக்கா?" என்றேன். தலையாட்டினாள். பன்னிரண்டு வயதில் என்ன பொம்மை என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. துணியின் அளவு பார்க்கிற கண்ணுக்கு ஆளின் அளவு தெரியாது போலிருக்கிறது.

அந்த ஆடி மாதத்தில்தான் குப்பமே கலங்கியது. கோயில் திருவிழாவுக்கு ஒரு குழாய் போதாது என்று, சத்தம் போடும் யூனிட் எரிந்துபோய் வீட்டுக்குப் பின்னால் வலைக்குவியல் மேல் கிடந்த பழைய குழாயை எடுத்தான் இருசப்பன். அதன் வாய்க்குள் கையை விட்டான். உள்ளிருந்து ஈரம் காயாத துணிச் சுருள்கள் வந்தன. பூஞ்சை பிடித்து, பழுப்பாய் ரத்தக் கறை படிந்த துணி.

வீட்டில் பன்னிரண்டு வயதில் ஒரு பெண் இருக்கிறாள். ஆனால் ஊருக்கு அறிவிக்காமல் அவள் வயதுக்கு வர முடியாது அல்லவா? அதுவும் அறிவிப்பாளர் வீட்டிலேயே? ஆகவே அவன் நேராக முடிவுக்கு வந்தான்: சூனியம். கோழி ரத்தம். வைத்தவன் ஏசுபாதம். புதுப்பட்டினத்தில் பெட்டி ஸ்பீக்கர் வாங்கிப் போட்டு இவனுடைய கிராக்கிகளைப் பிடித்துக்கொண்டிருந்த போட்டிக்காரன்.

சேதி கேட்டு நான் ஓடினேன். "யோவ் மச்சான், ஞாயித்துக்கெழம தவறாம ஜெபத்துக்குப் போறவன் அம்மாவாசைக்குச் சூனியம் வெப்பானா?" என்றேன்.

"அதான் மச்சான் டபுள் ஸ்ட்ராங்கா கீது" என்றான்.

பொம்பளைகள் பார்க்கக் கூடாது என்று துணியைப் பானைக்குள் போட்டு மூடிவிட்டான். ஆதியம்மாள் மட்டும் அதை ஒரு பார்வை பார்த்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் கருங்குழியிலிருந்து மந்திரவாதி வந்தார். கறுப்புச் சேவல் கேட்டார், வந்தது. குழாயை நடுவீட்டில் நிறுத்திக் குங்குமம் அப்பி, கற்பூரம் கொளுத்தி, கண்ணை மூடினார். "இந்தக் குழாய்க்குள்ள ஒரு கன்னிப் பொண்ணு மாட்டிக்கினு கீறா. கத்துறா. யாரு காதுலயும் வுழல" என்றார். தொழிலில் அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான். அவருக்கே அது தெரியாது.

இருசப்பன் துள்ளி எழுந்தான். கடப்பாரையைத் தூக்கினான். "அந்த ஏசுபாதம் செட்டை ஒடச்சி, அவன் மண்டையையும் ஒடைக்கலன்னா நான் இருசப்பன் இல்ல!" பின்னால் நாலு வாலிபர்கள் வேட்டியை மடித்துக் கட்டினார்கள். இதெல்லாம் சிரிப்பாக ஆரம்பித்து கொலையில் முடிகிற வகை.

வாசற்படியில் பரிமளா குறுக்கே நின்றாள். நாலைந்து நாளாகக் காய்ச்சல், அடிவயிற்று வலி. கண்ணேறு என்று சொல்லி அதற்கும் மிளகாய் சுற்றிப் போட்டிருந்தார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளைக்கு உதடெல்லாம் வெடித்திருந்தது.

"நைனா, போவாத. அது என்துதான்."

"இன்னாது?"

"அந்தத் துணி. நான்தான் உள்ள வெச்சேன். ஏழெட்டு மாசமா." பிறகு அவள் சொன்னதுதான் எங்கள் எல்லோரையும் உட்காரவைத்தது. "வெளிய காயவெச்சா தெரிஞ்சிடும். தெரிஞ்சா நீ மைக்குல சொல்லிடுவ. அப்பால நான் பள்ளிக்கூடம் போவ முடியாது."

இருசப்பன் கடப்பாரையைக் கீழே போட்டான். மந்திரவாதி சேவலை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினார். ஆதியம்மாள் மகளைக் கட்டிக்கொண்டு, "என்னாண்டயாவது சொல்லியிருக்கலாமேடி" என்று அழுதாள்.

"கேட்டேனேம்மா" என்றாள் பரிமளா. "நீ தண்ணி மொண்டார அனுப்பிச்சிட்ட."

பிள்ளையைச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனோம். அங்கிருந்த நர்ஸ் ஜெசிந்தா நல்லவர், ஆனால் நாக்குக்கு எலும்பு கிடையாது. ஈரத்துணியால் வந்த தொற்று, மாத்திரையில் சரியாகிவிடும், துணியை நன்றாகத் துவைத்து வெயிலில் காயவைக்க வேண்டும் என்றார். இன்னும் ஒரு மாதம் விட்டிருந்தால் செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பீர்கள் என்றார். "இதைப் பத்தி யார் பொண்ணுகிட்ட பேசினீங்க?" என்று கேட்டார். அப்பன் அம்மாவைப் பார்த்தான். அம்மா அப்பனைப் பார்த்தாள். இருவருமாகச் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள். நான் சுவரில் இருந்த போலியோ சொட்டு மருந்து போஸ்டரைப் பார்த்தேன்.

காய்ச்சல் விட்டதும் சொந்தபந்தம் கூடிவிட்டது. சடங்கு எப்போது? எல்லா வீட்டுக்கும் வாய் கிழியக் கத்தினவன் தன் வீட்டுக்கு ஊமையாகிவிட்டானா? என் சித்தி செல்லம்மா, "ஊருக்குச் சொல்லலன்னா பொண்ணுக்கு எப்டிடா மாப்ள வரும்?" என்று கண்ணைக் கசக்கினாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு மாப்பிள்ளைக் கவலை. நானும் என் பங்குக்குப் பட்டுப் பாவாடையைக் கொண்டுபோயிருந்தேன்.

இருசப்பன் அதுவரை செய்யாத ஒரு காரியம் செய்தான். மகளைக் கேட்டான். "உனுக்கு இன்னாம்மா வேணும்?"

"சடங்கு வேணாம். எனுக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். இது ஏன் வருது நைனா? நான் செத்துட மாட்டேனே?"

எத்தனை வீட்டுச் சடங்குக்குக் கத்தியிருப்பான்! அது ஏன் வருகிறதென்று மட்டும் தெரியாது. எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. இத்தனை மாதமும் அந்தப் பிள்ளை, சாகப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டே பள்ளிக்கூடம் போய் வந்திருக்கிறாள். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

அடுத்த நாள் புருஷனும் பெண்டாட்டியும் ஜெசிந்தாவிடம் போய்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்து கேட்டுவிட்டு வந்தார்கள். வந்து மகளைப் பாயில் உட்காரவைத்தார்கள். ஆதியம்மாள் துணி, குளியல், வலிக்கு வெந்நீர் என்று தன் பாகத்தை மீன் விற்கிற வேகத்தில் சொல்லி முடித்தாள். இருசப்பனுக்குத்தான் வாய் வரவில்லை. கடைசியில் எழுந்துபோய் மைக்கை எடுத்து வந்தான். ஒயர் எதிலும் சொருகவில்லை. சும்மா கையில் பிடித்துக்கொண்டான்.

"அன்பார்ந்த..." என்று ஆரம்பித்தான். பரிமளா சிரித்துவிட்டாள். அவனும் சிரித்துவிட்டான். அப்புறம் வந்தது.

"வயித்துக்குள்ள கொயந்த தங்குறதுக்கு ஒரு பை கீதும்மா. மாசா மாசம் உள்ளாற மெத்த மாரி போட்டு வெச்சிக்கும். யாரும் வரலன்னா அத்தக் கலச்சி வெளிய தள்ளிடும். அவ்ளோதான். நோவு இல்ல, சாபம் இல்ல. நீ சாவமாட்ட. ஒடம்பு நல்லா வேல செய்துன்னு அர்த்தம். அப்பால, உன் ஒடம்பு உன்துதான். யாராவது தப்பா கை வெச்சா, அது உன் தப்பு இல்ல. எங்களாண்ட சொல்லு. எப்ப வோணா சொல்லு."

சொந்தக்காரர்களுக்கு, "செட்டு ரிப்பேரு" என்று பதில் போனது. சித்தி செல்லம்மா அந்த வருடம் பேசவில்லை. அது ஒரு லாபம். என் பட்டுப் பாவாடையைப் பரிமளா பொங்கலுக்குக் கட்டினாள், மடிப்பைப் பிரிக்க வேண்டியிருந்தது.

அதோடு இருசப்பன் திருந்தி ஊரையும் திருத்திவிட்டான் என்று நினைக்காதீர்கள். சடங்குக்கு ஆள் வந்தால், "பொண்ணாண்ட இன்னா ஏதுன்னு சொன்னீங்களா? சொல்லிட்டு வா, அப்பால ஊருக்குச் சொல்றேன்" என்பான். அவர்கள் நேராக ஏசுபாதத்திடம் போவார்கள். அவன் பெட்டி ஸ்பீக்கர் இன்னும் தூரம் கேட்கும். மண்டை தப்பியதுமில்லாமல் தொழிலும் செழித்தது அவனுக்கு.

2006 ஆடித் திருவிழா. பரிமளா பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். கூழ் ஊற்றும் நேரம், கூட்டம் நெரிகிறது, இருசப்பன் மைக்கில் முழங்கிக்கொண்டிருக்கிறான். கல்பாக்கத்தில் டியூஷன் முடித்து ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கிய பரிமளா, முகம் வெளுத்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடைக்குப் பின்னால் வந்தாள். நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"நைனா, ஒண்ணு சொல்லணும். ஆட்டோல ஒரு ஆளு..."

இருசப்பன் ஆம்ப்ளிஃபயரை அணைத்தான். பாதி வாக்கியத்தில் குழாய் செத்தது. ஊரே திரும்பிப் பார்த்தது. செட்டுப் பெட்டி மேல் அவளை உட்காரவைத்து, எதிரில் குந்தினான்.

கூட்டத்திலிருந்து ஊர்த் தலைவர் கத்தினார். "இன்னா இருசப்பா, செட்டு புட்டுக்கிச்சா? சாமி காத்துக்கினு கீது!"

"இருக்கட்டும்" என்றான் இருசப்பன், திரும்பாமலே. "எம் பொண்ணு பேசிக்கினு கீது."