ரிவர்ஸ் எடுக்காமல் மேற்கே போகும் வழி

இருபது வருஷத்துக்கு மேல் ஹார்ஷம் சுற்றுவட்டாரப் பண்ணைப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடப் பேருந்தில் ஏற்றி இறக்கியவள் கிளெனிஸ். மூடுபனியிலும், சாலையை மறித்து நிற்கும் செம்மறிக் கூட்டத்திலும் ஒரு கீறல் விழாமல் ஓட்டியவள். அவளுக்கு ஒரு கேரவனைப் பின்னால் தள்ளி நிறுத்தத் தெரியாது என்று யாராவது சொல்லியிருந்தால் நானே சண்டைக்குப் போயிருப்பேன். வேலிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். அவளைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற கொழுப்பு எனக்கு உண்டு.

அவர்கள் வீட்டில் காருக்குப் பின்னால் கேரவனை, அந்தச் சக்கரம் வைத்த வீட்டை, மாட்டி இழுத்துப் போவது எப்போதும் அவள் கணவன் நெவில்தான். போன வருஷம் அவன் கண் போயிற்று. முழுக்கப் போகவில்லை, நடுப்பகுதி மட்டும். எதிரில் நிற்பவரின் காது தெரியும், தொப்பி தெரியும், முகம் தெரியாது. ஓரத்துப் பார்வையும் எத்தனை நாளைக்கு என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை. லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்த அன்றே நெவில் ஆரம்பித்துவிட்டான்.

"வித்துரலாம் கிளென். ஓட்ட முடியாதவனுக்கு எதுக்கு கேரவன்?"

"நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"நீ பஸ் ஓட்டினவ."

"பஸ்ஸுக்கும் ஸ்டியரிங் வட்டமாத்தான் இருந்துச்சு."

கல்யாணம் ஆன நாளிலிருந்து நல்லார்பார் சமவெளியைத் தாண்டி மேற்கே போவதாகப் பேச்சு. அறுவடை, பிள்ளைகள், வேலை என்று ஒவ்வொரு வருஷமும் தள்ளிப்போனது. போகிற வழியில் நிலம் திடீரென்று முடிந்து, செங்குத்தாகக் கடலில் இறங்கும் அந்தப் பெரிய பாறைச் சுவர்களை அவன் பார்க்க வேண்டும், ஓரத்தில் கொஞ்சம் பார்வை மிச்சமிருக்கும்போதே பார்க்க வேண்டும் என்பது அவள் பிடிவாதம். கடைசியில் நெவில் ஒரு நிபந்தனை போட்டான். சமவெளி தொடங்குவதற்கு முன் வரும் செடூனா ஊர் வரைக்கும் போகலாம். அங்கே வைத்து அவன் வேண்டாம் என்று சொல்லிவிட்டால், மறுபேச்சு இல்லாமல் திரும்ப வேண்டும். வந்ததும் கேரவனை விற்றுவிட வேண்டும். கிளெனிஸ் ஒத்துக்கொண்டாள். எங்கள் கேரவனும் கூடவே வருவதாக முடிவாயிற்று.

திட்டம் போட உட்கார்ந்தபோதுதான் வேடிக்கை. சமையலறை மேஜையில் வரைபடத்தை விரித்து என் கணவன் டக் விரலை ஓட்டினான்.

"விடிய கிளம்பினா ஒரே நாள்ல போர்ட் அகஸ்டா."

"மூணு மணிக்கு மேல நான் ரோட்டுல இருக்க மாட்டேன். அதுக்கப்புறம் கங்காரு எல்லாம் வாக்கிங் கிளம்பிரும்," என்றாள் கிளெனிஸ்.

"சரி, அப்ப முதல் ராத்திரி ஆத்தங்கரையில தங்குவோம். புல்லு, மரம், பெலிகன் எல்லாம் இருக்கு."

"வேண்டாம். தானியக் கிடங்குக்குப் பின்னாடி ஒரு கேரவன் பார்க் இருக்கு. அங்கதான்."

"கிடங்குக்குப் பின்னாடியா? அங்க எலிதான் இருக்கும்!"

"எலிக்கு நான் துணை, எனக்கு எலி துணை. நீ காப்பியைக் குடி."

இரண்டாவது ராத்திரிக்கும் அப்படியே. கடலைப் பார்த்த இடத்தை விட்டுவிட்டு, லாரிகள் உறுமுகிற நெடுஞ்சாலை ஓரத்தைத் தேர்ந்தெடுத்தாள். டக் தலையில் அடித்துக்கொண்டான். எனக்கும் ஒன்றும் புரியவில்லை. மறுநாள் பிஸ்கட் கொடுக்கப் போனபோது, கதவைச் சாத்திக்கொண்டு அவள் போனில் பேசுவது கேட்டது. "நேரா உள்ள போய் நேரா வெளிய வர்ற இடம்தானே? காரைக் கழட்டவே வேண்டாமே? எங்கயும் பின்னால எடுக்க வேண்டாமே?"

உள்ளே போய் நேராகவே கேட்டேன்.

"பஸ் நடுவுல மடங்காதுடி மெர்ல்," என்றாள். முகம் சிவந்துவிட்டது. "இது மடங்குது. இடது பக்கம் திருப்பினா அது வலது பக்கம் போகுது. நெவ் தூங்குறப்ப கால்பந்து மைதானத்துல ரிவர்ஸ் போட்டுப் பாத்தேன். குப்பைத் தொட்டி செத்துப் போச்சு. ஒரு தடவ அவன் முன்னாடி இடிச்சாப் போதும், வித்துரலாம்பான். யார்கிட்டயும் மூச்சு விடாத."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்பாளாம். இவள் கோணலே இல்லாத கூடமாகப் பார்த்து வழிநெடுக வாடகைக்கு எடுத்து வைத்திருந்தாள்! அன்றைக்குத்தான் அவள்மேல் எனக்கு மரியாதை கூடியது.

ஈஸ்டர் முடிந்து கிளம்பினோம். முதல் இரண்டு இடங்களிலும் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல் உள்ளே போய், காலையில் அப்படியே வெளியே வந்தாள். பின்னால் வரும் எங்களுக்கு, இரண்டு கார்களிலும் வைத்திருந்த பேசும் ரேடியோவில் அவர்கள் பேச்சு கேட்கும். நெவில் காதாலேயே ஓட்டிக்கொண்டு வந்தான்.

"காத்து பக்கவாட்டுல அடிக்குது. வேகத்தைக் குறை."

"குறைச்சாச்சு."

"இன்னும் குறை."

"இறங்கி நடக்கட்டுமா?"

அவன் சிரித்தது கேட்டது. பல மாதங்களுக்குப் பிறகு கேட்ட சிரிப்பு. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, டக்கின் தொடையில் ஓர் அடி வைத்தேன்.

செடூனாவில்தான் மாட்டிக்கொண்டோம். கிளெனிஸ் போனில் சொல்லி வைத்திருந்த இடத்தில், அச்சு முறிந்த ஒரு கேரவன் நகர முடியாமல் கிடந்தது. மெக்கானிக் மறுநாள்தான் வருவானாம்.

"கடைசி வரிசையில ஒரு இடம் இருக்கும்மா. ரிவர்ஸ்ல போட்டுக்கோங்க," என்றாள் பார்க்கை நடத்துகிறவள், தண்ணீர் எடுத்துக் குடியுங்கள் என்பது போல.

மூன்று மணிக்கே வந்தும், பேசி முடிப்பதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. எங்கள் கேரவன் கூட்டத்துக்கு அந்த நேரத்தில் ஒரு வழிபாடு உண்டு. ஆளுக்கொரு மடக்கு நாற்காலி, ஆளுக்கொரு பீர், நடுவில் ஒரு தட்டு சீஸ். இவற்றோடு, புதிதாக வந்தவர்கள் ரிவர்ஸ் எடுப்பதை வேடிக்கை பார்ப்பது. அதற்கு மேல் ஒரு சினிமா கிடையாது. கடைசி வரிசையில் அரங்கு நிறைந்திருந்தது.

"நான் போடட்டுமா?" என்றான் டக்.

"போடேன்," என்றான் நெவில் உடனே.

டக்கின் காலை மிதித்தேன். கிளெனிஸ் வெளுத்துப்போன முகத்தோடு, "என் வண்டி, நான் போடுறேன்," என்று ஏறி உட்கார்ந்தாள்.

இத்தனை வருஷமும் நெவில் ஸ்டியரிங்கில், அவள் பின்னால் நின்று கை காட்டுவாள், அவன் கத்துவான். இப்போது நெவில் இறங்கி, வண்டியைத் தடவிக்கொண்டே பின்னால் போய்க் கையைத் தூக்கினான். பீர் டின்களோடு நாலு பேர் எழுந்து வந்து நாலு திசையில் கை காட்டினார்கள். கேரவன் மடங்கித் தண்ணீர்க் குழாயைப் பார்த்துப் போயிற்று.

கிளெனிஸ் தலையை வெளியே நீட்டிக் கத்தினாள். "நெவ்! கண்ணாடியில உன்னைக் காணோம்! எங்க நிக்கிற?"

"எங்க நிக்கிறேன்னு எனக்கே சரியாத் தெரியல கிளென்," என்றான் நெவில். "கண்ணு தெரிஞ்சாதானே."

 தூக்கிய கைகள் இறங்கின. 

கிளெனிஸ் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினாள். ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து ஓரமாகப் போட்டாள்.

"இங்க உக்காரு. சக்கரம் சரளைய விட்டு சிமெண்டுல ஏறினா சத்தம் மாறும். மாறினா நிறுத்தச் சொல்லு." பிறகு மற்றவர்களைப் பார்த்தாள். "நீங்கல்லாம் போய்க் குடிங்க. ஒருத்தர் கத்துனா போதும் எனக்கு."

கொஞ்சம் பின்னால் எடுப்பாள், இறங்கிப் பார்ப்பாள், ஏறுவாள். "நில்லு! ஏறுது!" என்பான் நெவில். முன்னால் எடுத்து மறுபடி வருவாள். எத்தனை முறை என்று எண்ணவில்லை. பீர் வெந்நீராகிவிட்டிருக்கும். ஒருவரும் சிரிக்கவில்லை. கடைசியில் எதிலும் இடிக்காமல் நின்றது.

"எப்படி நிக்குது மெர்ல்? பொய் சொல்லாத," என்றான் நெவில்.

"கோணல். குடிச்சவன் நிறுத்தினா மாதிரி."

நெவில் எழுந்து, கதவைத் தடவித் திறந்து உள்ளே போய்விட்டான். கிளெனிஸ் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். "போச்சு. ஊருக்குத் திரும்பலாம்பான். வாக்குக் கொடுத்துட்டேனே."

உள்ளே டொக்டொக்கென்று சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தோம். அலமாரியில் இருந்த பூசணி, உருளைக்கிழங்கு, கேரட், வெங்காயம் எல்லாவற்றையும் மேடையில் கொட்டி, விரலால் தொட்டுப் பார்த்து நறுக்கிக்கொண்டிருந்தான்.

"இவ்வளவையும் எதுக்கு நறுக்குற?" என்றாள் கிளெனிஸ்.

"சூப்புக்கு. நாளைக்கு மத்தியானம் மேற்கு எல்லையில செக்கிங். பூச்சி வந்துரும்னு பச்சைக் காய் ஒண்ணு விடாம பிடுங்கித் தொட்டியில போடுவானுங்க. அவனுங்களுக்கு ஏன் கொடுக்கணும்?" நிமிராமல் நறுக்கினான். "தேனையும் விட மாட்டானுங்க. எடுத்துத் தின்னு முடி."

கிளெனிஸ் தேன் புட்டியை எடுத்துக்கொண்டு வாசல் படியில் உட்கார்ந்தாள். கரண்டி கரண்டியாக அள்ளி, அழுதுகொண்டே தின்றாள்.