முதல் மடக்கு

சூசையப்பர்பேட்டைக் கோயில் தெருவில் போய் ஆரோக்கிய ராணி வீடு எது என்று கேட்டால், எந்த ஆரோக்கிய ராணி என்று திருப்பிக் கேட்பார்கள். தெருவில் அந்தப் பெயரில் நாலு பேர் இருக்கிறார்கள். தண்ணி ராணி என்று சொல்லிப் பாருங்கள், உடனே கையை நீட்டிக் காட்டுவார்கள்.

கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற பஸ்கள் அரைமனதாக நின்று கிளம்புகிற சின்ன டவுன் அது. கோயில் தெரு மெயின் ரோட்டில் ஆரம்பித்து மேடேறிப் போய் முடியும். மேட்டில் இருக்கிற கடைசி வீடுகளுக்கும் குழாய் போட்டுத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் டேங்கில் திறந்துவிடுகிற தண்ணீர், கீழ்வீடுகளைத் தாண்டி மேடேறுவதற்குள் தீர்ந்துபோகும். மேட்டுக் குழாயைத் திருகினால் புஸ்ஸென்று காற்றுதான் வரும். குடத்தோடு வந்தவர்கள் நாலு வசவு வைதுவிட்டுத் திரும்பிப் போவார்கள்.

ராணியின் வீடு மேடு தொடங்குகிற இடத்தில் இருந்தது. திருப்பூரில் வேலை பார்க்கும் மகன் ஆரோக்கிய பிரபு, அம்மா குடம் தூக்கிக் கஷ்டப்படக் கூடாது என்று ஒரு அரை எச்.பி. மோட்டார் வாங்கி, குழாயோடு சேர்த்து மாட்டிவிட்டுப் போனான். குடிநீர்க் குழாயில் மோட்டார் வைக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்த சட்டம்தான். ஆனால் ராணியின் மோட்டாரைப் பற்றி யாரும் போய்ப் போட்டுக்கொடுக்கவில்லை. காரணம், அவள் தன் வீட்டுத் தொட்டி நிறைந்ததும் ஓஸை எடுத்து வாசலில் போட்டுவிடுவாள். மேட்டு வீடுகள் அத்தனைக்கும் அந்த ஓஸில்தான் தண்ணீர்.

சும்மா கொடுத்துவிடமாட்டாள். திட்டிக்கொண்டேதான் கொடுப்பாள். குடம் கழுவவில்லை என்று திட்டு, வரிசையில் முந்தினால் திட்டு, வராவிட்டால் ஏன் வரவில்லை என்று அதற்கும் திட்டு. சத்துணவுக் கூடத்தில் சமைக்கிறவள். இருநூறு பிள்ளைகளின் கூச்சலுக்கு மேல் பேசிப் பழகிய தொண்டை அது.

அந்த வேலையிலிருந்து அவளுக்கு ஒரு பழக்கமும் ஒட்டிக்கொண்டிருந்தது. சத்துணவில் சமைத்தவர் தான் முதலில் சாப்பிட்டுப் பார்த்த பிறகுதான் பிள்ளைகள் தட்டில் போட வேண்டும். இத்தனை வருஷத்தில் அவள் வாயில் படாத சோறு ஒரு பிள்ளையின் தட்டில் விழுந்ததில்லை. தண்ணீருக்கும் அதையே செய்தாள். மோட்டார் போட்டதும் ரெண்டு வாளித் தண்ணீரைச் செடிக்கு விடுவாள். பிறகு டம்ளரில் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ஒரு மடக்குக் குடிப்பாள். "ம், பிடிங்க" என்பாள். அதற்கப்புறம்தான் குடங்கள் அசையும். "ராணியக்கா குடிச்சாச்சா?" என்பதுதான் காலையில் அந்தத் தெருவின் முதல் கேள்வி. டேங்கைக் கழுவினார்களா, மருந்து போட்டார்களா என்றெல்லாம் யாரும் கேட்டதில்லை. ராணியின் நாக்கு இருக்கும்போது அதெல்லாம் எதற்கு?

மேட்டின் கடைசி வீடு கொளஞ்சியப்பனுடையது. நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறவன். அவன் மனைவி ரேகா குமராட்சிப் பக்கத்துப் பெண். தாயில்லாமல் வளர்ந்தவள். கல்யாணமாகி வந்த புதிதில் ராணியிடம் வாங்கிய முதல் திட்டிலேயே எப்படியோ ஒட்டிக்கொண்டுவிட்டாள். தெருவே அக்கா என்று கூப்பிட, அவள் மட்டும் ராணிம்மா என்று கூப்பிட்டாள். ராணிக்கு அதில் உள்ளூரப் பெருமை. வெளியே காட்டிக்கொள்வாளா என்ன?

ரேகா முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்த அன்றைக்கு ராணி போட்ட சத்தத்தில் தெரு அதிர்ந்தது.

"வயித்துப் புள்ளைக்காரி, கொடத்த இடுப்புல வெச்சுக்கிட்டு நிக்கிற? கீழ வைடி! இன்னியிலேருந்து நீ கொடம் தூக்கிப் பாத்தேன், காலை ஒடச்சிருவேன்."

"அப்போ தண்ணிக்கு நான் என்னா பண்றது ராணிம்மா?"

"ஒன் வூட்டுக்கே வரும். போ."

அப்படியே நடந்தது. இன்னொரு ஓஸ் வாங்கி முதல் ஓஸோடு இணைத்து, தண்ணீர் மேட்டில் ரேகாவின் தொட்டிக்கே போய் விழுகிற மாதிரி செய்தாள். குடிக்கிற தண்ணீரை மட்டும் தானே தவலையில் கொண்டுபோய் வைப்பாள். ரேகா டம்ளரில் மொண்டு அவளிடம் நீட்டுவாள். "மொதல்ல நீங்க." ராணி குடித்துவிட்டு, "ராணி மாரி தண்ணி, குடி" என்பாள். இருவருக்கும் நடுவில் அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. ஏழாம் மாதம் வளைகாப்பு நடந்தபோதும் ராணியின் மோட்டார்தான் பந்தி முழுக்கத் தண்ணீர் கொடுத்தது.

ஐப்பசி மழை அந்த வருஷம் அடைத்துக்கொண்டு பெய்தது. தெருச் சாக்கடை நிரம்பி வாசல்களைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. மழை விட்டுக் கொஞ்ச நாளில் மேட்டில் ஒவ்வொருவராகப் படுத்தார்கள். சோறு கண்டால் குமட்டல், கண்ணெல்லாம் மஞ்சள். கீழாநெல்லி அரைத்துக் குடித்தார்கள். சுகாதார நிலையத்திலிருந்து வந்த பெண், தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும் என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். ராணிக்குச் சுருக்கென்றது.

"தண்ணியா? நாந்தானே மொதல்ல குடிக்கிறேன், எனக்கு வந்துச்சா? இந்த மழையில கண்டத வாங்கித் தின்னுட்டு, தண்ணி மேல பழியப் போடாதீங்க."

அந்தப் பெண்ணும் பாவம், என்ன சொல்வாள்? எதிரே நின்றவள் நோய்நொடி இல்லாமல் கல்லுமாதிரி இருந்தாள். தெருவும் ராணியைத்தான் நம்பியது. தண்ணீரில் வாடை இல்லை, நிறமும் மாறவில்லை. வெளிச்சத்தில் பிடித்தால் பளிச்சென்றுதான் இருந்தது.

ரேகாவின் கண் மஞ்சளான மூன்றாம் நாள் அவளுக்கு நினைவு தப்பியது. ஆம்புலன்ஸில் சிதம்பரத்துக்குக் கொண்டுபோனார்கள். ராணிதான் கூடப் போனாள். வழியெல்லாம் வயல்களில் வெள்ளம் நின்றிருந்தது. ரேகாவின் வயிற்றில் கையை வைத்துக்கொண்டே ஜெபமாலை சொன்னாள். உள்ளே அசைவு தெரிந்தது. பிறகு தெரிந்ததா இல்லையா என்று அவளால் சொல்ல முடியவில்லை.

குழந்தையைக் காப்பாற்ற முடியவில்லை. ரேகா பிழைப்பாளா என்பதே சந்தேகமாக இருந்தது. வார்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்த ராணியிடம் டியூட்டி டாக்டர் வந்து விசாரித்தாள். சின்னப் பெண்தான்.

"சாதாரணமா இந்தக் காமாலை வந்துட்டு போயிடும்மா. மாசமா இருக்கறவங்களுக்குத்தான் உயிர் போற அளவுக்கு ஆபத்து. தண்ணியிலதான் வரும். நீங்களும் அதே தண்ணிதான் குடிச்சீங்களா?"

"நாந்தாம்மா மொதல்ல குடிப்பேன். எனக்கு ஒன்னும் ஆவலியே."

"முன்னால எப்பயாவது மஞ்சக்காமாலை வந்திருக்கா?"

ராணி யோசித்தாள். வந்திருக்கிறது. பிரபு பிறப்பதற்கு முன்னால், கல்யாணமான புதிதில், ஒரு மாதம் படுத்துக் கிடந்திருக்கிறாள்.

"அதனாலகூட இருக்கலாம்மா. ஒருதரம் வந்து போனவங்களுக்கு உடம்பு பழகியிருக்கும். உங்களுக்கு வரலேங்கறத வெச்சு தண்ணி நல்லதுன்னு சொல்ல முடியாது."

டாக்டர் போய்விட்டாள். ராணி அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருஷம் பிள்ளைகளுக்குக் காவலாக வைத்திருந்த நாக்கு, வயிற்றுப் பிள்ளைக்காரியிடம் தினமும் பொய் சொல்லியிருக்கிறது. அதைப் பிடுங்கி எறிந்துவிடலாம் போலிருந்தது அவளுக்கு.

ஊருக்கு வந்தபோது, காமாலை பரவியதால் தெருக் குழாய்களைச் சோதித்துக்கொண்டு வந்த ஃபிட்டர் தமிழ்மணி அவள் வாசலில் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தான். மெயின் லைனிலிருந்து அவள் வீட்டுக்கு வரும் பிளாஸ்டிக் பைப் சாக்கடைக்கு அடியில் புகுந்துதான் வந்தது. அங்கே இணைப்பு விட்டுப்போயிருந்தது. அதைச் சுற்றிலும் கறுப்புச் சேறு அப்பியிருந்தது.

"தண்ணி தானா வர்றப்ப ஓட்டை இருந்தா வெளியதான் கசியும்க்கா. மோட்டார் போட்டு இழுத்தீங்கன்னா, வெளியில கெடக்குறத உள்ள இழுத்துக்கும்" என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "நான் யாருகிட்டயும் சொல்லலக்கா. பைப்ப மேலாப்புல மாத்திடறேன்."

"மாத்து. மோட்டார கழட்டிட்டுப் போ."

"மேட்டுக்கு யாரு தண்ணி குடுப்பா?"

"கழட்டுடா."

மறுநாள் காலையில் குடங்களோடு வந்தவர்களிடம் மோட்டார் ரிப்பேர் என்றாள். உண்மையைச் சொல்லத் தைரியம் வரவில்லை. வாயாடி ராணி தரையைப் பார்த்துப் பேசியதை அன்றைக்குத்தான் தெரு பார்த்தது. பேரூராட்சி லாரி வந்த நாட்களில் மேட்டுக்காரர்கள் சமாளித்தார்கள். வராத நாட்களில் அவளைத்தான் வைதார்கள்.

ரேகா பிழைத்துவிட்டாள். அவளை வீட்டுக்குக் கூட்டி வந்த அன்று கொளஞ்சியப்பன் ராணியின் வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, ரேகா குளிக்கணும்ங்கறா. லாரித் தண்ணி நேத்தே தீந்துபோச்சு. மோட்டார குடு, நான் கடலூருக்கு எடுத்துட்டுப் போயி சரி பண்ணியாறேன்."

பிள்ளையைப் பறிகொடுத்தவனே வந்து அந்த மோட்டாரைக் கேட்டான். இதற்கு மேல் ராணியால் தாங்க முடியவில்லை. சாக்கடைக்கு அடியில் கிடந்த பைப், தமிழ்மணி சொன்னது, டாக்டர் சொன்னது எல்லாவற்றையும் சொன்னாள். கொளஞ்சியப்பன் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டான்.

"நான் இனிமே இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன்க்கா" என்றான் கடைசியில். "ஆனா நீ அவள வந்து பாரு. இத மட்டும் சொல்லிடாத. புள்ள போனதையே அவளால தாங்க முடியல. நீயும் இல்லேன்னா அவளுக்கு யாரு இருக்கா?"

ராணி மாதாகோயில் அடிபம்பில் தண்ணீர் அடித்து, இடுப்பில் ஒன்று தலையில் ஒன்றாக மேடேறினாள். ரேகா பாயில் உட்கார்ந்திருந்தாள். உடம்பில் பாதி இல்லை. ராணியைக் கண்டதும் எழுந்து, குடத்தில் ஒரு டம்ளர் மொண்டு நீட்டினாள். உதட்டில் கொஞ்சம் சிரிப்புக்கூட வந்தது.

"மொதல்ல நீங்க."

கொளஞ்சியப்பன் வாசலில் நின்று வேறெங்கோ பார்த்தான். ராணி டம்ளரை வாங்கினாள். கோயில் தண்ணீர், நல்ல தண்ணீர்தான். ஒரு மடக்குக் குடித்துவிட்டால் போதும், எல்லாம் பழையபடி ஆகிவிடும். இந்தப் பெண் கடைசிவரை ராணிம்மா என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பாள். டம்ளர் உதடுவரை போனது. அதற்கு மேல் போகவில்லை.

"நான் குடிச்சா ஒன்னும் தெரியாதுடி" என்றாள். "என் வாய நம்பித்தான் நீ பறிகுடுத்துட்ட."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். அழாமல் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தாள், முடியவில்லை. ரேகா கேட்டுக்கொண்டே இருந்தாள். கத்துவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தாள் ராணி. அவள் டம்ளரை வாங்கிக் குடத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அந்த ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்த கூட்டத்தின் நடுவில், பழைய தொண்டையோடு, ராணி தெருவுக்கும் சொன்னாள். சிலர் அவள் முகத்தைப் பார்ப்பதையே விட்டார்கள். சிலர், ஆனது ஆச்சு, பைப்தான் மாத்தியாச்சே, மோட்டாரை மாட்டு என்றார்கள். அவள் மாட்டவில்லை.

கொல்லையில் மூன்று கல்லைக் கூட்டி, பெரிய அண்டா ஒன்றை வைத்தாள். சவுக்கு விறகைப் போட்டு எரித்து, கோயில் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்தாள். ஆறியதும் மேட்டு வீடுகளுக்குத் தூக்கிக்கொண்டு போனாள். வாங்கியவர்கள் வாங்கினார்கள், வேண்டாம் என்றவர்கள் கதவைச் சாத்தினார்கள். ரேகாவின் வாசலில் ஒரு தவலையை வைத்துவிட்டு வருவாள். மறுநாள் காலையில் அது கழுவிக் கவிழ்த்து ராணியின் படியில் இருக்கும். கொண்டுவந்து வைத்தவர் யார் என்று அவள் பார்த்ததில்லை. உள்ளே இருந்த தண்ணீரைக் குடித்தார்களா, கொட்டினார்களா என்றும் தெரியாது. கேட்கிற துணிச்சலும் அவளுக்கு இல்லை. கார்த்திகையும் மார்கழியும் அப்படியே போயின.

தையில் ஒரு காலை. ராணி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். கொல்லைப் படலைத் திறந்துகொண்டு ரேகா வந்தாள். இடுப்பில் அந்தத் தவலை, பாதித் தண்ணீரோடு.

"இதக் குடிக்க முடியுமா?" என்றாள். "ஒரே பொகை நாத்தம். ஒரு வாய்கூட எறங்கல. மூடிபோட்டுக் காய்ச்சக் கூடாதா?"

ராணி ஊதுகுழலைக் கீழே வைத்தாள்.

"நீ... குடிச்சுப் பாத்தியா?"

"குடிக்காம எப்படித் தெரியும்? தெனம் குடிக்கிறேன். இன்னிக்குத்தான் ஜாஸ்தி."

ராணி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அடக்கிவைத்திருந்தது அத்தனையும் வந்தது. ரேகாவின் கண்ணும் நிறைந்தது. ஆனால் அவள் கிட்டே வரவில்லை. புகை வராத பக்கமாக நின்று, கொல்லையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"மூடி எங்க வெச்சிருக்கீங்க, ராணிம்மா?" என்றாள்.