ஆக்சில் மாற்றிய ஞாயிற்றுக்கிழமை

பழைய கியர் எண்ணெய்க்கு ஒரு கருகிய வாடை உண்டு. ஈர மண்ணோடு அது கலந்து வந்தால் எனக்கு இன்றைக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நினைவுக்கு வரும். தொண்ணூறுகளின் நடுவில், கொட்டகலைக்கு மேலே மலையில் இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில், அவசரத்துக்கு இருந்த ஒரே வாடகைக் கார் அப்பாவுடையதுதான். அந்த மழைக்காலத்தில் நாலு வயதுத் தம்பிக்கு இரண்டு தடவை மூச்சு "இழுப்பு" வந்து, இரண்டு தடவையும் அந்தக் காரில் ஆஸ்பத்திரிக்கு ஓடித்தான் அவனை உயிரோடு திருப்பிக்கொண்டு வந்தோம். பிறகு காரின் பின்பக்கத்தில் "கடக் கடக்" என்று ஒரு சத்தம் தொடங்கியது. சக்கரத்தைச் சுழற்றும் தண்டான ஆக்சிலின் பற்கள் தேய்ந்துவிட்டன என்றார் அப்பா. அடுத்த தடவை தம்பியை ஏற்றிப் போகும்போது நடுவழியில் அது முறிந்தால் என்ன செய்வது என்று அம்மாவுக்குத் தூக்கம் போயிற்று.

டவுன் கராஜில் விட்டால் ஒரு கிழமை, ஏழு நாளாவது வைத்துக்கொள்வார்கள். அதனால் ஹட்டனில் கழித்துப்போட்ட கார் ஒன்றிலிருந்து ஆக்சில் வாங்கிவந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்து வீடுகளின் வாசலில் இறங்கும் சரிவுப் பாதையிலேயே அப்பா வேலையைத் தொடங்கினார். பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, கீழ்நோக்கி நின்ற காரின் முன்சக்கரத்துக்கு ஒரே ஒரு கல்தான் வைத்தார். இன்னொரு கல் வைக்கச் சொன்ன அம்மாவிடம், "கியர்ல கெடக்கு, எங்க போயிறப் போவுது?" என்றார். மலைப்பாதையில் கார் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் கியரை நம்பித்தான் வண்டியை நிறுத்துவார்கள். ஆக்சிலை உருவிவிட்டால் கியருக்கும் சக்கரத்துக்கும் ஒட்டுறவே இல்லாமல் போகும் என்பது அவர் நினைவுக்கு வரவில்லை.

பின்சக்கரத்தையும் பிரேக் டிரம்மையும் கழற்றிவைத்த நேரத்தில்தான் உள்ளே தம்பிக்கு இழுக்கத் தொடங்கியது. அவனை மடியில் வைத்திருந்தவள் நான். மூச்சு விடும்போது அவனுடைய விலா எலும்புகள் உள்ளே போய்ப் போய் வந்தன. தோட்டத்து லொறி டவுனுக்குப் போயிருந்தது, டிஸ்பென்சரி பூட்டிக் கிடந்தது, மெயின் ரோட்டுக்கு மூன்று மைல். "ஏங்க, புள்ளைக்கு இழுக்குதுங்க!" என்று அம்மா கத்தியதும் அப்பா இரண்டு கையாலும் பழைய ஆக்சிலைப் பிடித்து வெறியோடு உருவினார். அது வெளியே வந்தது. அதோடு காரும் ஆடி, முன்னால் இருந்த கல் சேற்றில் வழுக்க, ஜாக்கி சாய்ந்தது. அம்மா ஓடிப்போய் முன்பக்கத்தில் தோளைக் கொடுத்துக்கொண்டு போட்ட கூச்சலை நான் மறக்கவே மாட்டேன்.

வீட்டுக்கு வீடு கதவு திறந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். முதலில் வந்து பின்பக்கத்து மட்கார்டுக்குக் கீழே முதுகைக் கொடுத்தவர் கீழ் லயத்து முத்தையா மாமா. எனக்குப் பகீரென்றது. எங்கள் மேல் லயமும் அவர்களுடைய கீழ் லயமும் வேறு வேறு தொழிற்சங்கம். பிரிந்த நாளிலிருந்து நல்லது கெட்டதுக்குக்கூடப் போக்குவரத்து இல்லை. முந்தின மாதம்தான், மனைவிக்குப் பிரசவ வலி கண்டுவிட்டது என்று காரைக் கேட்டு அவர் வந்து நின்றார். "ஆக்சில் போயிருச்சு, கார் ஓடாது" என்று அப்பா சொன்னதை நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அப்போது காரில் ஒரு சத்தமும் இல்லை. அவர்கள் அந்த மாமியைக் கம்பளியில் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு நடந்தார்கள். பிள்ளை தங்கவில்லை.

அப்பா அவரைப் பார்த்ததும் கையில் ஆக்சிலோடு அப்படியே நின்றுவிட்டார். "பேசாம வேலையப் பாருங்க டிரைவரே, நாங்க புடிச்சிருக்கோம்" என்றார் முத்தையா மாமா. முன்னால் ஐந்தாறு பேர் தள்ளிப் பிடிக்க, பின்னால் மூன்று பேர் முதுகில் தாங்க, யாரோ காருக்கு அடியில் விறகுக் கட்டைகளை அண்டை கொடுக்க, அப்பா வாங்கிவந்த ஆக்சிலைச் செருகினார். பல் பொருந்தவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தார். மழை வேறு பிடித்துக்கொண்டது. தம்பியின் உதடு நீலமாகிக்கொண்டு வருகிறது என்று நான் வாசலில் நின்று சொல்லச் சொல்ல, அப்பா அதை இன்னும் அவசரமாகத் திருப்பினார். கடைசியில் "டக்" என்று ஒரு சத்தம் கேட்டது. சக்கரம் பூட்டி, கார் கிளம்பும்வரை முத்தையா மாமா நிமிரவே இல்லை.

தம்பி பிழைத்தான். அதற்குப் பிறகு அப்பா எந்தச் சங்கம் என்று கேட்டு யாரையும் ஏற்றியதில்லை. ஆனால் முத்தையா மாமாவிடம் அவர் மன்னிப்புக் கேட்கவும் இல்லை. அந்தக் கோபம் எனக்கு நெடுநாள் இருந்தது.

இப்போது அந்தக் கார் இல்லை, சரிவுப் பாதைக்குக் கொங்கிரீட் போட்டாயிற்று, வாசலுக்கு வாசல் ஆட்டோ நிற்கிறது. நல்லதுதான், பழைய காலத்தின்மேல் எனக்கு ஏக்கம் ஒன்றும் கிடையாது. போன வருடம் முத்தையா மாமா காலமானார். கொழும்பிலிருந்து வந்திருந்த தம்பி, எதுவும் தெரியாதவனாக, பாடைக்குத் தோள் கொடுத்தான். அப்பா அந்த வீட்டுக்குள் நுழையாமல் ரோட்டிலேயே நின்றார். திரும்பி வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "அந்தாளு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, என்னைய ஏசியிருக்கலாம்மா."