கறுப்பு முகமூடிக்கு வாசித்த சப்பர மெட்டு

புளி போட்டுத் தேய்த்த பித்தளையின் வாசனை இன்றைக்கும் எங்கே வந்தாலும் என் கை தானாக வாயைப் பொத்திக்கொள்கிறது. சேலம் செவ்வாய்ப்பேட்டையை ஒட்டி நாங்கள் குடியிருந்த சந்தில், என் அம்மாவின் தம்பி சவரி மாமா, ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் பேண்டுக் குழலை மடியில் கிடத்திக்கொண்டு அப்படித்தான் தேய்ப்பார். நான் எதிரே குந்தி, புளிக் கரைசலைச் சிந்தாமல் ஊற்றுவேன். ஐம்பதுகளின் கடைசியில் ஒரு கோடை அது. எனக்கு ஏழு வயது, வாயாடி என்று தெரு முழுக்கப் பெயர் வாங்கியிருந்தேன்.

அந்தக் கோடையில் வெளியூர் காண்டிராக்டர் ஒருவர் ஊரோரத் திடலில் தகரம் அடைத்து, ஞாயிறுதோறும் நாலு மணிக்கு டிக்கெட் போட்டுக் குஸ்தி நடத்தினார். பயில்வான்கள் மேடைக்கு வரும்போது முழங்க வேண்டும் என்று மாமா வாசிக்கிற எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயில் பேண்டைப் பேசி அமர்த்தியிருந்தார். அந்த பேண்டுக்குத் தெரிந்ததோ மொத்தம் நாலே மெட்டுகள்: கல்யாணத்துக்கு ஒன்று, பள்ளிக்கூட அணிவகுப்புக்கு ஒன்று, சாவுக்கு ஒன்று, திருவிழாவில் புனிதரின் சப்பரம் தூக்க ஒன்று. ஜனங்களுக்குப் பிடித்த பயில்வான்களுக்குக் கல்யாண மெட்டும் அணிவகுப்பு மெட்டும் போய்விட்டன. கள்ள ஆட்டம் ஆடி வசவு வாங்குவதற்கென்றே வருகிற "கறுப்பு முகமூடி"க்குச் சாவு மெட்டு பொருத்தமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் மற்ற பயில்வான்கள் அபசகுனம் என்று அடித்துச் சொல்லிவிட்டார்கள். மிஞ்சியது சப்பர மெட்டு.

மெதுவாக, கனமாக, தோளில் பாரம் இருப்பவன் அடியெடுத்து வைக்க வசதியாகப் போகிற மெட்டு அது. மாமாவின் குழல் அடித்தொண்டையில் ஆரம்பிக்க, பெரிய முரசு அடிக்கு ஒரு தரம் விழ, கறுப்புத் துணி மாட்டிய ஆசாமி தகரக் கதவைத் தள்ளிக்கொண்டு வருவார். கூட்டம் "ஊ... ஊ..." என்று ஊளையிடும், பெண்கள் பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொள்வார்கள். அந்தக் கோடையில் நான் கேட்ட பாட்டுகளிலெல்லாம் எனக்கு உயிர் அதுதான். பேண்டுக்காரர்கள் பெஞ்சில் மாமாவை ஒட்டி உட்கார்ந்து, வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு கேட்பேன். ஏனென்றால் முகமூடிக்குள் இருந்தது என் அப்பா.

அப்பா பெயர் அந்தோணி. மண்டியில் மூட்டை தூக்குகிறவர். எதிரே சைக்கிள் வந்தால்கூடச் சாக்கடை ஓரமாக ஒதுங்கி நிற்பார். மண்டிக்காரரின் பத்து வயது மகன் "டேய் அந்தோணி" என்று கூப்பிட்டாலும் "ஏனுங்க சாமி" என்பார். அப்படிப்பட்டவர் அந்த மெட்டுக்கு மட்டும் தலையை நிமிர்த்தி, யாருக்கும் வழிவிடாமல் நடந்தார். முகம் தெரியாத வரைக்கும் வேலை உண்டு, கோடை முடிந்ததும் ஈரோடு, கோயமுத்தூர், மெட்ராஸ் என்று கூட்டிப்போகிறேன் என்று காண்டிராக்டர் வாக்குக் கொடுத்திருந்தார். "யார்கிட்டயும் மூச்சு உடக்கூடாது சாமி, உங்கப்பன் மூட்டையிலிருந்து தப்பிக்க இது ஒண்ணுதான் வழி," என்று மாமா என் தலையில் கைவைத்துச் சத்தியம் வாங்கியிருந்தார்.

கோயில் திருவிழா வந்தது. சாயங்காலப் பூசை முடிந்து சப்பரம் கிளம்ப, தூக்குகிற எட்டுப் பேரில் முன்வரிசையில் அப்பா. நான் மதில்மேல் ஏறி உட்கார்ந்திருந்தேன். பேண்டு சப்பர மெட்டை எடுத்ததும், கீழே நின்ற மண்டிப் பையன்கள் நாலைந்து பேர், "டேய், கறுப்பு முகமூடி வாரான்டா!" என்று ஊளையிட்டுச் சிரித்தார்கள். பெருமை எனக்குத் தாங்கவில்லை. தோள் மாற்றுவதற்காகச் சப்பரம் நின்று மெட்டும் ஓய்ந்த அந்த நிமிஷத்தில், "அது எங்கப்பாங்க! அதா பாருங்க, முன்னால தூக்குறாரு!" என்று கையை நீட்டிக் கத்திவிட்டேன். மாமா குழலை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். அப்பா திரும்பவில்லை. அவர் காதில் விழவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு மெட்டு ஆரம்பித்ததும் ஊளை வரவில்லை, சிரிப்பு வந்தது. "டேய் அந்தோணி, மூட்டைய எறக்கிப் போட்டுட்டியாடா?" என்று ஒருவன் கேட்க, தகரம் அதிரக் கூட்டம் சிரித்தது. முரசுக்குச் சரியாக விழுந்துகொண்டிருந்த அப்பாவின் அடி தப்பியது. பாதி வழியில் நின்று, முகமூடி இருக்கிறதா என்று கையால் தடவிப் பார்த்தார். அதைப் பார்த்ததும் நான் பெஞ்சுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டேன். காண்டிராக்டர் அன்றைக்கே கணக்கைத் தீர்த்து அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்து மாமாவிடம் அப்பா கேட்டது ஒரே கேள்வி. "யாருடா சொன்னது?"

"நாந்தான் மச்சான். டீக்கடையில வாய் தவறிப்போச்சு," என்றார் மாமா.

நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். இல்லை என்று சொல்ல எனக்கு வாயிருந்தது. ஊரைக் கூட்டிக் கத்திய அதே வாய். திறக்கவில்லை. "இனி இந்த ஊட்டுப் படி ஏறாத சவரி," என்றார் அப்பா. அடுத்த வருஷம் நான் செய்த முதல் பாவசங்கீர்த்தனத்தில், வெல்லம் திருடியதையும் பூசையில் தூங்கியதையும் சாமியாரிடம் ஒப்பித்தேனே தவிர, இதைச் சொல்லவில்லை.

அப்பா கடைசிவரை மூட்டைதான் தூக்கினார். மாமா சாகும்வரை இருவரும் பேசவில்லை. மாமாவின் சாவுக்கு அப்பா தெருமுனை வரை வந்து நின்றுவிட்டுத் திரும்பினார். அன்றைக்கு இரவெல்லாம் எனக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் காலை காபி கொடுக்கும்போது, அன்றைக்குச் சொன்னது நான்தான் என்று உடைத்துவிட்டேன். அப்பா தம்ளரைக் கீழே வைத்தார்.

"எனக்கு அன்னைக்கே தெரியும் சாமி. சப்பரத்தத் தோள்ல வெச்சுக்கிட்டு உன்ற சத்தத்தக் கேட்டுட்டுத்தான இருந்தேன்."

"அப்பறம் ஏனுங்கப்பா மாமாகிட்டப் பேசலீங்க?"

"யாரு மேலயாச்சும் கோவப்படோணுமில்ல? உம்மேல எப்பிடிப் படறது?" என்றவர், தம்ளரை மறுபடி கையிலெடுத்து, "அவனும் உனக்காகத்தான் சொன்னான்னு தெரியும்," என்றார்.

இப்போது அப்பாவும் இல்லை. குஸ்தித் திடலில் வீடுகள் வந்துவிட்டன. பேண்டில் பித்தளையைத் தேய்க்கிறவர் யாருமில்லை. பாட்டுப்பெட்டியை ஒருவர் தூக்கிக்கொண்டு சப்பரத்துக்கு முன்னால் நடக்கிறார். மாமாவின் மகள்கள் இருவரும் இதே ஊரில்தான் இருக்கிறார்கள். கோயிலில் எதிர்ப்பட்டால், பெரியவர்கள் சண்டையாயிற்றே என்று மரியாதையாக ஒதுங்கி எனக்கு வழிவிடுகிறார்கள். தங்கள் அப்பா ஒரு டீக்கடையில் வாய் தவறி எங்கள் குடும்பத்தைக் கெடுத்தார் என்றுதான் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார்கள். நான் இன்னும் அவர்களிடம் சொல்லவில்லை.