அண்ணன் வீட்டு மொசைக்

போன ஞாயிற்றுக்கிழமை என் அண்ணன் வீட்டு ஹாலில் ஒரு பெரிய மனிதர் முழங்கால் வரை தரைக்குள் போய்விட்டார்.

நிஜமாகத்தான். நான் பக்கத்து நாற்காலியில் கேசரித் தட்டோடு உட்கார்ந்திருந்தேன்.

ஆரணியில் பட்டுச் சேலை வியாபாரம் செய்கிறவர் என் அண்ணன் கோதண்டம். அவர் வீட்டு ஹாலுக்கு இரண்டு வியாதிகள் இருந்தன. பழைய ரோட்டைத் தோண்டாமல் அதன் மேலேயே புது ரோடு, அதன் மேலேயே இன்னொரு ரோடு என்று போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்துவிட்டது, வீடு தாழ்ந்துவிட்டது. மழை பெய்தால் தண்ணீர் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வரும். அது ஒன்று. இன்னொன்று, ஹாலின் நடுவில் இருந்த தறிக்குழி. நெய்கிறவர் காலைத் தொங்கவிட்டு மிதிப்பதற்காக அப்பா வெட்டியது. தறிகளை முள்ளிப்பட்டுக்கு மாற்றிய பிறகு, அண்ணன் அதன் மேல் பலகை போட்டு, பாய் விரித்து மறந்துவிட்டார்.

இதையெல்லாம் வருஷக்கணக்கில் பொறுத்துக்கொண்ட மனிதர் திடீரென்று பொங்கி எழுந்தாரே, மழைக்காகவா? சேச்சே. எதிர் வீட்டுச் சகலை மொசைக் போட்டுவிட்டார்!

போதாக்குறைக்கு, மகள் கிரிஜாவைப் பெண் பார்க்கக் கண்ணமங்கலத்திலிருந்து வருவதாகத் தகவல். கிரிஜா டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுக்கிறாள். மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். பையனைக் கோயில் திருவிழாவில் ஏற்கெனவே பார்த்திருக்கிறாள் என்பதும், பிடித்திருக்கிறது என்பதும் எனக்கு மட்டும் தெரியும். அத்தைகள் வேறெதற்கு இருக்கிறோம்?

வேலை நடக்கும்போது ஒரு முறை போயிருந்தேன். மேஸ்திரி தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"குழிய மணல் கொட்டி ரொப்பணுங்க. தண்ணி ஊத்தி, திமிசுக் கட்டையால குத்தி, மண்ணு இறங்க உடணும். அப்புறம்தான் ஜல்லி, டைல்ஸு எல்லாம்."

"அதெல்லாம் யாரு பாத்துகினு இருக்கிறது? ஜல்தியா முடிங்க. சகலை ஊட்டத் தாண்டி ஒசரமா வரணும், அதான் முக்கியம்" என்றார் அண்ணன்.

மேஸ்திரி அதற்கு மேல் வாதாடவில்லை. அவருக்கு வந்தவாசியில் வேறொரு வீட்டு வேலை காத்திருந்தது. கொல்லையில் கிடந்த உடைந்த ஓடு, கிழிந்த கோணி, தேங்காய் ஓடு — எல்லாம் குழிக்குள் போயின. அதன் மேல் கொஞ்சம் மணல், கொஞ்சம் கலவை... மொசைக்! மெஷின் வைத்துப் பாலிஷ் போட்டதும் தரையில் முகம் தெரிந்தது. அண்ணன் குனிந்து மீசையைச் சரிசெய்துகொண்டார்.

கிரிஜா மட்டும் நடுவில் காலால் தட்டிப் பார்த்தாள்.

"அப்பா, இங்க டொக்கு டொக்குனு சத்தம் வருது."

"புது டைல்ஸு அப்பிடித்தான் பேசும். நீ போய்ப் பூ கட்டு."

அவள் அந்த இடத்தில் ஒரு டீப்பாயை இழுத்துப் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் அதை எடுத்துவிட்டார். டிசைன் மறைகிறதாம்! அந்த இடம் ஃபேனுக்கு நேர் கீழே. அங்கே இருப்பதிலேயே நல்ல நாற்காலியைப் போட்டார். அதில் மாப்பிள்ளையின் தாய்மாமனை உட்கார வைத்தார். ஆள் நல்ல ஆகிருதி. அந்தக் குடும்பத்தில் அவர் தலையசைத்தால்தான் கல்யாணம்.

அவர் கேசரியைப் பாராட்டிக்கொண்டே பின்னால் சாய்ந்தார். 'மடக்' என்று ஒரு சத்தம். நாற்காலியின் பின்கால்கள் இறங்கின. பதறி எழுந்து பலமாக ஒரு காலை ஊன்றினார்... அந்தக் கால் ஊன்றிய இடத்தில் நிற்கவில்லை. போய்க்கொண்டே இருந்தது.

அண்ணன் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை என்ன தெரியுமா?

"ஐயோ, டைல்ஸு!"

அப்போதுதான் காபித் தட்டோடு வந்தாள் கிரிஜா. தட்டை என் மடியில் வைத்துவிட்டு ஓடினாள்.

"மாமா, ஆடாதீங்க. ஒடஞ்ச சில்லு கால கிழிச்சிடும். என் தோள புடிச்சிக்கங்க."

ஒவ்வொரு சில்லாக எடுத்துப் போட்டாள். கால் வெளியே வந்தது, கூடவே கோணியில் ஒரு துண்டும். ரத்தம் கசிந்தது. நிமிர்ந்து மாப்பிள்ளையைப் பார்த்தாள்.

"கர்ச்சீப் இருக்குதுங்களா?"

வருங்காலத் தம்பதிகள் பேசிக்கொண்ட முதல் வசனம் இதுதான். அவர் அவசரத்தில் கர்ச்சீப்போடு பஸ் டிக்கெட்டையும் சேர்த்துக் கொடுத்தார்.

அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அண்ணன் சுதாரித்துக்கொண்டார்.

"எல்லாம் அந்த மேஸ்திரி பண்ண வேலைங்க! நம்ப வச்சி ஏமாத்திட்டான்!"

கட்டுப் போட்டுக்கொண்டிருந்த கிரிஜாவின் கை நின்றது. அந்த நேரத்தில் பேசாமல் இருந்தால் நல்லது என்று அவளுக்குத் தெரியாதா? அவளுக்குப் பிடித்த பையன் எதிரிலேயே நிற்கிறான். இருந்தும் சொன்னாள்.

"இல்லீங்க மாமா. மண்ணு இறங்கணும்னு மேஸ்திரி சொன்னாரு. நீங்க வர்றதுக்குள்ள முடிக்கணும்னு நாங்கதான் குப்பையப் போட்டு ரொப்பிட்டோம். தப்பு எங்களுது."

அண்ணன் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. கொஞ்சம்தான்.

தாய்மாமன் கர்ச்சீப் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மாப்பிள்ளையின் அப்பா பக்கம் திரும்பினார்.

"இன்னா மச்சான், நாம மட்டும் இன்னாவாம்? இவங்க ஊடு பாக்க வருவாங்கன்னு தெருப்பக்கச் சுவுத்துக்கு மட்டும்தான டிஸ்டம்பர் அடிச்சிகினு இருக்கிற?"

மாப்பிள்ளையின் அப்பா மும்முரமாக வெற்றிலையில் காம்பு கிள்ள ஆரம்பித்தார். முதலில் சிரித்தது மாப்பிள்ளை. அப்புறம் கிரிஜா. அதற்குப் பிறகு யாரை அடக்க முடியும்?

நம் ஊர்க் கல்யாணங்களே இப்படித்தான். இவர்கள் குழியை இவர்கள் மூடுவார்கள், அவர்கள் சுவரை அவர்கள் மறைப்பார்கள். கல்யாணமான மறுநாள் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து, 'ஏமாந்துட்டோம்' என்பார்கள்!

கிளம்பும்போது தாய்மாமன் வாசலில் நின்று, "பொண்ணு எங்களுக்குப் புடிச்சிருக்கு. தேதி பாருங்க" என்றார். பிறகு நொண்டிக்கொண்டே படியிறங்கினார்.

இப்போது ஹாலை மறுபடி தோண்டியிருக்கிறார்கள். கோணியும் ஓடும் வெளியே வந்துவிட்டன. மணல் கொட்டி, தண்ணீர் விட்டு, குத்திக்கொண்டிருக்கிறார்கள். 'நல்லா இறங்கட்டும், அப்புறம் டைல்ஸ் ஒட்டலாம்' என்பது கிரிஜாவின் உத்தரவு. வீட்டில் எல்லோரும் மணல் மேட்டைச் சுற்றிச் சுவரோரமாக நடக்கிறார்கள்.

அண்ணன்? நேற்று டிரங்கால் போட்டார். குரலில் அத்தனை பெருமை.

"பாத்தியா? மொசைக் போட்டதாலதான் இப்பிடி ஒரு சம்பந்தம் அமைஞ்சுது!"

தரையை மட்டம் பார்க்கக் கருவி வந்துவிட்டது. அண்ணன்களுக்குத்தான் இன்னும் வரவில்லை.