எவர்சில்வர் குடம் எழுதிய கட்டுரை

என் முதல் கட்டுரையை முழுதாகப் படித்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி நான். இன்னொருத்தியும் நான்தான், பிழை திருத்துவதற்காக மறுபடி படித்தேன்.

கேரளத்துக்குள், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, கோவிந்தாபுரத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எழுபதுகளில் அங்கே ஒரு நூலகம் இருந்தது. மலையாள வழக்கப்படி 'வாயனசாலை' என்போம். அதை நடத்திய இளைஞர்களில் என் மாமாவும் ஒருவர். மாதாமாதம் கையால் எழுதி ஒரு பத்திரிகை கொண்டுவந்தார்கள். மொத்தமே ஒரு பிரதிதான். அது வீடு வீடாகப் போகும். ஒரு வீட்டுக்கு ஒரு நாள். படித்தவர்கள் கருத்து எழுதக் கடைசியில் நாலு பக்கம் வெறுமையாக விட்டிருப்பார்கள். ஊரே முதலில் புரட்டுவது அந்த நாலு பக்கத்தைத்தான்.

பதினோரு வயதில் நான் அதில் எழுதியது 'சேமிப்பின் சிறப்பு'. எறும்பு, தேனீ, எதிர்காலம் எல்லாம் வரும். கருத்துப் பக்கத்தில் ஒருவர் 'கையெழுத்து அழகு' என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே, வாய் பிளந்து தூங்கும் ஒரு ஆளை யாரோ வரைந்திருந்தார்கள். மூக்கை வரைந்த விதத்தில் அது மாமாவின் கைவேலை என்று தெரிந்தது. அம்மா இரண்டு வரி படித்தாள். "நல்லா இருக்குது கண்ணு. போயி ரெண்டு வெறகு எடுத்துட்டு வா" என்றாள்.

நான் அந்தக் கட்டுரையை எழுதியதே அம்மாவுக்காகத்தான். வெள்ளிக்கிழமைதோறும் எல்லை தாண்டிச் சைக்கிளில் ஒரு பாத்திரக்காரர் வருவார். சைக்கிள் முழுக்க எவர்சில்வர் பளபளக்கும். "இப்பக் காசே வேண்டாமுங்க்கா. பழைய பித்தளை ஒண்ணு குடுங்க, அப்பறம் வாரம் ரெண்டு ரூவா, முப்பதே வாரம்." அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, அடுத்த தெருவில் இருந்தாள். அவள் ஏற்கெனவே பித்தளைக் குடத்தைக் கொடுத்து எவர்சில்வர் குடம் வாங்கி, தெருவில் போகிறவர் கண்ணில் படும்படி ஜன்னலில் வைத்திருந்தாள். அம்மாவுக்கு அதைப் பார்த்ததிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. என் எறும்பும் தேனீயும் வந்து போன பிறகும், தன் பிறந்த வீட்டுச் சீராக வந்த பித்தளை அண்டாவை அடுத்த மாதம் கொடுப்பதாகப் பாத்திரக்காரரிடம் வாக்குக் கொடுத்துவிட்டாள்.

என் கவலை அத்தனை உயர்ந்ததல்ல. விளக்கெண்ணெய் கொடுக்கும் நாட்களில் நான் ஒளிந்துகொள்ளும் இடம் அந்த அண்டா.

அந்த வாரமே அப்பாவோடு பொள்ளாச்சிச் சந்தைக்குப் போனேன். ஒரு பாத்திரக் கடையில் அத்தை வீட்டுக் குடத்தின் கூடப் பிறந்தது போல ஒன்று இருந்தது. பெரிய மனுஷி மாதிரி விலை கேட்டேன். நாற்பத்தைந்து ரூபாய் என்றார் கடைக்காரர். பஸ்ஸில் திரும்பும்போது விரல்விட்டு எண்ணினேன். முப்பது வாரம், அறுபது ரூபாய். பித்தளை தனி.

இதை எறும்பு சொன்னால் அம்மா கேட்க மாட்டாள் என்பது ஏற்கெனவே நிரூபணமாகியிருந்தது. அதனால் இம்முறை குடத்தையே பேசவிட்டேன்.

'நான் பொள்ளாச்சியில் இருந்தவரை நாற்பத்தைந்து ரூபாய். சைக்கிளில் ஏறி இந்த ஊர் வந்ததும் அறுபது. வழியில் என் எடை ஒரு குண்டுமணிகூடக் கூடவில்லை; இடுப்பில் ஒரு நெளிவுதான் கூடியது. நான் உள்ளே வந்ததும் பித்தளைப் பெரியம்மா கோணிக்குள் போனாள். அவளைத் தராசில் வைத்தால் எவ்வளவு பெறுவாள் என்று அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை. இப்போது வெள்ளிக்கிழமை சைக்கிள் மணி கேட்டால் வீட்டுக்காரம்மா கொல்லைப்புறம் போய்விடுகிறார். நான் மட்டும் ஜன்னலில் தனியாகப் பளபளக்கிறேன்.'

பத்திரிகை அத்தை வீட்டுக்குப் போன அன்று, அது அடுத்த வீட்டுக்குப் போவதற்குள் அத்தையே வந்துவிட்டாள். நான் அண்டாவுக்குள் இருந்தேன்.

"ஏனுங் அண்ணி, உங்க புள்ளை எங்க ஊட்டுக் கொடத்துக்கு வாய் வெச்சு உட்டிருக்கறா, பாத்தீங்களா?"

"அது யாரூட்டுக் கொடமோ. பேரு ஒண்ணும் போடலையே?"

"ஊர்ல எத்தன ஊட்டு ஜன்னல்ல கொடம் இருக்குது? கொல்லப்பக்கம் போனதக்கூட எழுதி வெச்சிருக்கறாளே!" குரல் சட்டென்று இறங்கியது. "அண்ணி, நெசமாலுமே பொள்ளாச்சியில நாப்பத்தஞ்சுதானாமா?"

அம்மா அண்டாவை ஒரு தட்டுத் தட்டினாள். "வெளிய வந்து நீயே சொல்லு" என்றாள். எழுந்து நின்று சொன்னேன். என் எழுத்து வாழ்க்கையின் முதல் மேடை அது.

அந்த வெள்ளிக்கிழமை பாத்திரக்காரர் எங்கள் வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "என்னங்க்கா ஊரு இது? எந்த ஊட்டுக்குப் போனாலும் மொதல்ல தராசு எடுத்துட்டு வாராங்க!"

பின்னாலேயே மளிகைக் கடைத் தராசோடு அத்தை வந்தாள். அம்மா அண்டாவைக் கொடுக்கவில்லை. அத்தை சும்மா விடவில்லை. தன் பித்தளைக்கு எடை பேசிப் பேசி தவணையில் எட்டு வாரத்தைக் குறைக்க வைத்தாள். போகும்போது என் காதைத் திருகினாள். மறு கையால் ஒரு கடலைமிட்டாய் கொடுத்தாள். எழுத்துக்கு நான் வாங்கிய முதல் சன்மானம், இரண்டும் சேர்த்துத்தான்.

ஊர் சுற்றி முடித்த பத்திரிகையை மாமா என்னிடம் தந்தார். 'குடத்துக்கு வாய் ஜாஸ்தி' என்று ஒருவர் எழுதியிருந்தார். போன மாதம் தூங்கிய ஆள் இம்முறை எழுந்து உட்கார்ந்து தராசு பிடித்திருந்தார். நான் தரையில் நடக்கவில்லை.

ஒரே ஒரு குறை. என் கட்டுரையின் ஓரத்தில் யாரோ பென்சிலால் கிறுக்கியிருந்தார்கள். 45, அதன் கீழே 2, அதன் கீழே 23. அந்த வளைந்த நாலைப் பார்த்ததுமே தெரிந்தது. அடுப்படிச் சுவரில் கரியால் பால்கணக்கு எழுதும் அம்மாவின் நாலு. எனக்குக் கோபம் வந்தது. கணக்கும் தப்பு, இருபத்திரண்டரை என்றல்லவா வர வேண்டும்?

ஆறு மாதம் போல ஆகியிருக்கும். ஒரு சந்தை நாளில் எங்கள் வீட்டுக்கும் எவர்சில்வர் குடம் வந்தது, பொள்ளாச்சியிலிருந்து, ரொக்கத்துக்கு. அப்பா வாங்கித் தந்தார் என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். இடையில் அந்த மாதங்களில் அம்மா ஏன் அண்டாவில் நெல்லைக் கொட்டி, என்னை அதன் பக்கமே விடாமல் விரட்டினாள் என்றும் யோசிக்கவில்லை. பால் காசில் வாரம் இரண்டு ரூபாய், இருபத்து மூன்று வாரம், அந்த நெல்லுக்கடியில் போய்க்கொண்டிருந்தது.

இன்று ஒரு வார இதழில் வீட்டுச் செலவு, தவணை, வட்டி பற்றி எழுதுகிறேன். பாராட்டுக் கடிதங்கள் வருகின்றன. எடுத்து வைத்துக்கொள்கிறேன், வெட்கமில்லாமல் வருகிறவர்களிடம் காட்டவும் செய்கிறேன். ஆனால் அந்த மூன்று எண்களுக்குச் சமமாக ஒரு கருத்து இன்னும் வரவில்லை. அவற்றை அன்று ரப்பரால் தேய்த்து அழித்தேன். தூளை ஊதிவிட்டு, பக்கம் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது பார் என்று அம்மாவிடமே கொண்டுபோய்க் காட்டினேன்.

"நல்லா இருக்குது கண்ணு" என்றாள் அம்மா.