உதைக்காதீங்க அக்கா

இன்று சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து, ஒரகடத்தில் கம்பெனி பஸ்ஸுக்காக நின்றிருந்தோம். நான் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, பேக்கிங்கில் வேலை செய்யும் மல்லிகா அக்கா செருப்பைக் கழற்றினார்.

"திரும்பி நில்லுமா. நான் காலு முன்னாடி வந்து பொறந்தவ. மூணு ஒத வுட்டா சுளுக்கு பறந்துடும்."

"ஒதைக்கணும்னா மட்டும் அக்காவுக்கு இன்னா குஷி பாரு!" என்றாள் பக்கத்தில் நின்ற ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

வேறு வழியில்லாமல் முதல் முறையாக வெளியே சொன்னேன். இது சுளுக்கு இல்லை. முதுகெலும்பு மூட்டுகளில் அழற்சி. மாத்திரையும் உடற்பயிற்சியும்தான் வைத்தியம். நெட்டி முறிக்கக் கூடாது, மிதிக்கக் கூடாது. இதமாகத் தடவிவிட்டால் தசை இறுக்கம் கொஞ்சம் தளரும், நோய் போகாது. டாக்டர் சொன்னது இவ்வளவுதான்.

அக்கா தூக்கிய காலை இறக்கினார்.

"இந்த வயசுலயா? சரி, ரூம்ல யாரு தடவி வுடறா?"

அறைத் தோழிகள் இருவருக்கும் வேறு ஷிஃப்ட். நான் போய்ச் சேரும்போது அவர்கள் கிளம்பியிருப்பார்கள்.

அக்கா செருப்பை மாட்டிக்கொண்டார். பஸ் வரும்வரை அவருடைய உள்ளங்கை என் முதுகில் மெதுவாக மேலும் கீழும் போய்வந்தது. வலி அப்படியேதான் இருந்தது. ஆனாலும் பஸ் இன்னும் கொஞ்சம் தாமதமாக வந்தால் தேவலை என்றிருந்தது.

கமெண்டில் தைலத்தின் பெயர் எழுதப் போகிறவர்களுக்கு: அலமாரி நிறைய வைத்திருக்கிறேன். முதுகுக்கு எட்டுகிற கை எங்கே கிடைக்கும் என்று தெரிந்தால் சொல்லுங்கள்.